மூடுபனி மேல் விழுந்த பழி: ஏற்காட்டுத் தங்கும் இல்லம் ஒன்றில் டிரையரின் பஞ்சு வடிகட்டி பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி அடையும் ஏற்காடு, கடல் மட்டத்துக்குச் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காபித் தோட்டத்துக்கு நடுவே எட்டு அறைகளுடன் நடத்தப்படும் தங்கும் இல்லம் ஒன்றில், துணி உலர்த்தும் டிரையர் மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் திறன் இழந்து, கடைசியில் கருகிய வாடையுடன் நின்றுபோனது. அந்த நிகழ்வின் பதிவு இது. சம்பந்தப்பட்டவர்கள் நால்வர்: இல்லத்தை நடத்தும் அம்மையார், வார இறுதிகளில் சேலத்திலிருந்து வந்து கணக்கு வழக்கைப் பார்க்கும் அவருடைய மகன், துவைப்பறைப் பொறுப்பில் இருக்கும் பக்கத்து மலைக்கிராமத்துப் பெண்மணி, தோட்டத்து மின்வேலைகளைக் கவனிக்கும் எலக்ட்ரீஷியன். சேலத்தில் வீட்டு மின்சாதனங்களைப் பழுதுபார்க்கும் எங்களை இதற்கு அழைத்தவர் அந்த மகன்.

முன்பெல்லாம் படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் மூட்டையாகக் கட்டப்பட்டு மலையடிவாரத்துச் சலவைக்காரரிடம் போய்வந்துகொண்டிருந்தன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து தடைபட்டால் மூட்டை கீழேயே தங்கிவிடும். அறைகளிலோ ஆள்கள் நிறைந்திருப்பார்கள். கொடியில் காயப் போடலாம் என்றால் மழையும் மூடுபனியும் விடுவதில்லை. வெயில் அடிக்கும் களமோ, நவம்பர் முதல் ஜனவரி வரை காபிப் பழம் காயவைப்பதற்கே போதாது. இந்த நெருக்கடியில்தான் ஒரு குடும்பத்தின் தேவைக்கென விற்கப்படும் 5.5 கிலோ கொள்ளளவுள்ள டிரையர் வாங்கப்பட்டது. எட்டு அறைகளின் துணிகள் அதற்குள் நாள் முழுவதும் சுற்றி வந்தன. வாங்கிய முதல் ஆண்டில் குறை ஒன்றும் தெரியவில்லை.

இந்த வகை டிரையர் அறைக் காற்றை உள்ளிழுத்து, ஹீட்டரில் சூடாக்கி, சுழலும் உருளைக்குள் இருக்கும் ஈரத் துணிகளினூடே செலுத்துகிறது. ஈரத்தை ஏந்திய காற்று, கதவின் வாயில் பொருத்தப்பட்டிருக்கும் வலை வடிகட்டியைக் கடந்து, ஊதுவிசிறியால் தள்ளப்பட்டு, 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய் வழியாகச் சுவருக்கு வெளியே போகிறது. துணிகள் உரசிக்கொள்ளும்போது உதிரும் இழைப் பிசிறுகள், அதாவது பஞ்சு, அந்த வலையில் படிகின்றன. காற்று ஓடினால்தான் துணி காயும். வெப்பம் அதற்குத் துணை மட்டுமே. பின்னால் வரும் விவரங்களைப் புரிந்துகொள்ள இந்த ஒன்று நினைவில் இருந்தால் போதும்.

புகார்

எங்களுக்குச் சொல்லப்பட்ட புகார் சுருக்கமானது. துண்டுகள் காய இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகிறது, காய்ந்த பின்னும் பூஞ்சை வாடை போகவில்லை, அளவுக்கு மீறிச் சூடேறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் வெப்ப ஃபியூஸ், கடந்த மாதம் மாற்றியது, மறுபடியும் போய்விட்டது, இம்முறை கருகிய வாடையும் வந்தது. நவம்பரில் முதல் ஃபியூஸ் போனபோது எலக்ட்ரீஷியன் அதே அளவில் ஒன்றை வாங்கிப் பொருத்தியிருந்தார். இரண்டாவதும் போனதும், ஃபியூஸ் இருக்கும் இடத்தில் ஒயரை நேரடியாக இணைத்துவிடலாம் என்று அவர் யோசனை சொன்னார். அம்மையார் தயங்கியதால்தான் மகன் வழியாக எங்களுக்குத் தொலைபேசி வந்தது. அந்தத் தயக்கத்துக்கு நன்றி சொல்ல வேண்டும்.

காரணம் என்னவென்று கேட்டபோது, இல்லத்தில் இருந்த எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "பனிக் காலத்துல எப்பவுமே இப்படித்தானுங்க, காத்துலயே ஈரம் இருக்கும்போது துணி எப்படிங்க காயும்?" என்றார் துவைப்பறைப் பெண்மணி. எலக்ட்ரீஷியன் அதனுடன் மின்னழுத்தக் குறைவையும் சேர்த்துக்கொண்டார். இரண்டும் நம்பத்தக்க காரணங்களே. அதனால்தான் மாதக்கணக்கில் வேறு காரணத்தை ஒருவரும் தேடவில்லை.

கவனித்தவை: மின்னழுத்தமும் பனியும்

முதலில் சுவர்ச் செருகியைக் கழற்றி, பின்மூடியைத் திறந்து, ஃபியூஸ் போயிருப்பதை மல்டிமீட்டரால் உறுதிசெய்தோம். ஹீட்டர் கம்பியில் அறுபடல் இல்லை. பரிசோதனைக்காக அதே அளவிலான புதிய ஃபியூஸைப் பொருத்தி, இயந்திரத்தை விட்டு ஒருவரும் அகலக் கூடாது என்ற கட்டுப்பாட்டுடன் ஓட்டிப் பார்த்தோம்.

ஹீட்டர் இயங்கும்போது செருகியில் 214 வோல்ட் இருந்தது. ஹீட்டர் தரும் வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்பதால், 230 வோல்ட்டில் 2,000 வாட் தரும் ஹீட்டர் 214 வோல்ட்டில் சுமார் 1,730 வாட் தரும். அதாவது ஏழில் ஒரு பங்கு குறைவு. எலக்ட்ரீஷியன் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் 70 நிமிட வேலையை அது 80 நிமிடமாக ஆக்குமே தவிர இரண்டு மணி நேரமாக ஆக்காது.

அடுத்தது பனி. 15 டிகிரி செல்சியஸில் ஈரம் நிறைந்து நிற்கும் மலைக்காற்று ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 13 கிராம் நீராவியை ஏந்தியிருக்கும். அதே காற்றை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஒப்பு ஈரப்பதம் பத்து விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். வெளியே எதிரில் இருப்பவர் தெரியாத அளவுக்கு மூடுபனி இருந்தாலும், ஹீட்டரைத் தாண்டிய காற்று வறண்ட காற்றுதான். கொடியில் தொங்கும் துணிக்குப் பனி எதிரி என்பது சரி. டிரையருக்குள் இருக்கும் துணியைப் பொறுத்தவரை அது சிறு விஷயம். மலை உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிடச் சுமார் 15 விழுக்காடு குறைவு என்பதும் ஓரளவு வேகத்தைக் குறைக்கும். ஆனால் இயந்திரம் வாங்கிய முதல் ஆண்டிலும் மலை இதே உயரத்தில்தான் இருந்தது.

கணக்கை விட அழுத்தமான சான்று துவைப்பறை நோட்டில் கிடைத்தது. விருந்தினர்களின் சொந்தத் துணிகளுக்குக் கட்டணம் வாங்குவதால், எந்தச் சுற்று எப்போது போடப்பட்டது, எப்போது எடுக்கப்பட்டது என்பதை அந்தப் பெண்மணி விடாமல் எழுதிவந்திருக்கிறார். முதல் ஆண்டில் துண்டுகள் காய ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. மழைக்காலத்திலும் ஏறத்தாழ அதே அளவுதான். அடுத்த ஆண்டு மே மாதம், கோடை விழாக் கூட்டம் நிறைந்திருந்த நாள்களில், அது ஒன்றரை மணி நேரமாகியிருந்தது. மே மாதத்தில் டிசம்பரைப் போல் பனி மூடிக் கிடப்பதில்லை. ஆகஸ்டில் மேலும் கூடி, டிசம்பரில் இரண்டு மணி நேரத்தைத் தாண்டியது. பனி தொடங்குவதற்கு ஆறேழு மாதங்களுக்கு முன்பே இயந்திரத்துக்கு மூச்சுத் திணறத் தொடங்கிவிட்டது என்பதை அந்த நோட்டை வரிசையாகப் புரட்டியபோது மகனே கண்டுபிடித்தார்.

அப்படியானால் ஏப்ரல், மே மாதங்களில் என்ன மாறியது என்று கேட்டோம். கோடைப் பருவத்துக்கு முன்பு கரூரிலிருந்து கனமான புதிய பூந்துண்டுகள் மொத்தமாக வாங்கப்பட்டிருந்தன. வாசம் நன்றாக இருக்கிறது என்று விருந்தினர்கள் சொன்னதால், துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்கும் வழக்கமும் அப்போதுதான் தொடங்கியது.

ஒயரில் ஓடும் மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை ஹீட்டர் ஒயரில் மாட்டிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. ஓடத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே வெப்பக் கட்டுப்படுத்தி ஹீட்டரை நிறுத்தியது. சற்றுக் குளிர்ந்ததும் மறுபடி இயக்கி, உடனே மறுபடி நிறுத்தியது. உருளை சுற்றிக்கொண்டே இருந்தாலும் பாதிக்கு மேற்பட்ட நேரம் ஹீட்டர் அணைந்தே கிடந்தது. வெப்பத்தை எடுத்துச் செல்லக் காற்று இல்லாததால், ஹீட்டரைச் சுற்றி மட்டும் சூடு ஏறுகிறது; கட்டுப்படுத்தி தன் கடமையைச் செய்கிறது; துணியோ ஈரமாகவே சுற்றுகிறது. நேரம் நீண்டதற்கும் ஃபியூஸ் போனதற்கும் காரணம் ஒன்றே என்பது இதனால் தெளிவாயிற்று.

வடிகட்டி

துவைப்பறைப் பெண்மணியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் வடிகட்டியை உருவி, படிந்த பஞ்சைக் கையால் சுருட்டி எடுத்துவிடுவார். எங்களிடம் அவர் நீட்டிய வடிகட்டியில் கண்ணுக்குத் தெரிந்த பஞ்சு இல்லை. "பாருங்கண்ணே, சுத்தமாத்தானே இருக்குது" என்றார். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோதும், சற்று மங்கலாகத் தெரிந்ததே ஒழிய அடைப்பென்று சொல்லும்படி இல்லை.

அதைக் கிடைமட்டமாகப் பிடித்து, குழாய்த் தண்ணீரை மெல்ல ஊற்றினோம். நல்ல வலையாக இருந்தால் தண்ணீர் உடனே இறங்கிவிட வேண்டும். இங்கே அது வலைமேல் தேங்கி நின்று, ஓரத்தால் வழிந்தது. துணி மென்மையாக்கும் திரவத்தில் இருக்கும் மெழுகுத்தன்மை உள்ள பொருள்கள் துணியில் தங்கி, உலர்த்தும்போது வலையின் நுண்ணிய கண்களில் மெல்லிய படலமாகப் படிந்திருந்தன. சோப்பின் மிச்சமும் மிக நுண்ணிய பஞ்சும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தன. கையால் பஞ்சை எடுப்பதால் இந்தப் படலம் போகாது. கண்ணுக்கும் எளிதில் படாது. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் தவறாமல் சுத்தம் செய்யப்பட்ட ஒரு வடிகட்டியே காற்றைத் தடுத்துக்கொண்டிருந்தது.

இதில் ஒரு சுழற்சி இருந்ததை அம்மையாருடன் பேசியபோது அறிந்தோம். துண்டுகள் முழுதாகக் காயாததால் பூஞ்சை வாடை வந்தது. அந்த வாடையை மறைக்க மென்மையாக்கும் திரவத்தின் அளவு கூட்டப்பட்டது. அளவு கூடக்கூடப் படலம் தடித்தது. படலம் தடிக்கத் தடிக்கத் துண்டுகள் மேலும் ஈரமாகவே வெளிவந்தன. போதாக்குறைக்கு, அந்தத் திரவம் பூந்துண்டின் நீர் உறிஞ்சும் தன்மையையும் குறைக்கும். துண்டு தண்ணீரை ஒற்றவில்லை என்று ஒன்றிரண்டு விருந்தினர்கள் சொன்னதாக அவரே நினைவுகூர்ந்தார். அதைப் புதுத் துண்டின் குணமென்று விட்டுவிட்டிருக்கிறார்கள்.

வலையின் ஒரு மூலையில், சட்டத்தை ஒட்டி, கட்டைவிரல் நகத்தின் அளவுக்கு ஒரு கிழிசலும் இருந்தது. ஒட்டிக்கொண்ட பிசிறுகளை எடுக்க விளக்குமாற்றுக் குச்சியால் குத்தியதில் வந்தது அது. வலையின் மற்றப் பகுதி அடைத்துக்கொண்டிருக்க, ஓடிய கொஞ்சக் காற்றும் இந்தக் கிழிசல் வழியாகவே ஓடியிருக்கிறது. அந்தக் காற்றோடு போன பஞ்சு ஊதுவிசிறியின் இதழ்களிலும், அதன் கூட்டிலும், பின்மூடியின் உட்புறத்திலும் அப்பிக் கிடந்தது. கருகிய வாடை எங்கிருந்து வந்தது என்பதற்கும் விடை அங்கே கிடைத்தது: ஹீட்டர் கூட்டின் விளிம்பில் படிந்திருந்த பஞ்சு பழுப்பேறிப் பொரிந்திருந்தது. தீயாக மாறவில்லை, அவ்வளவே.

பருத்திப் பஞ்சு எவ்வளவு எளிதில் தீப்பற்றும் என்பதை விளக்கேற்றத் திரி திரிக்கும் வீடுகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டிரையர் வீட்டுக்கு வீடு இருக்கும் அமெரிக்காவில், 2008 முதல் 2010 வரையிலான காலத்தில் குடியிருப்புகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீ விபத்துகள் நேர்ந்ததாகவும், அவற்றில் 34 விழுக்காட்டுக்குச் சுத்தம் செய்யாமல் விட்டதே முதன்மைக் காரணம் என்றும் அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் மதிப்பிட்டது. நம் ஊரில் டிரையர் இன்னும் அரிது என்பதாலேயே இந்த ஆபத்து பேச்சில் வருவதில்லை.

குழாயும் அதன் வெளிவாயும்

வடிகட்டி மட்டுமே காரணமா என்பதை அறிய, குழாயை இயந்திரத்திலிருந்து கழற்றிவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, சிறிது நேரம் ஓட்டினோம். இயந்திரத்தின் வாயில் பிடித்த செய்தித்தாள் துண்டு சற்றே அசைந்தது. பிறகு வடிகட்டியை வெந்நீரிலும் பாத்திரம் துலக்கும் திரவத்திலும் ஊறவைத்து, மென்மையான பழைய பல் துலக்கியால் இருபுறமும் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து நிழலில் உலர்த்தி, கிழிசலைத் தற்காலிகமாக மூடி மாட்டினோம். இப்போது காகிதம் கையை விட்டுப் பறந்தது. குழாயை மறுபடி பொருத்தியதும், சுவருக்கு வெளியே காற்று மீண்டும் பலவீனமாகவே வந்தது. ஆக, தடை இரண்டு இடங்களில் இருந்தது. வடிகட்டியைக் கழுவியதும் கிடைத்த பலனைப் பார்த்து அங்கேயே நிறுத்தியிருந்தால், பாதி வேலையே முடிந்திருக்கும்.

குழாய் என்பது இங்கே சுருக்கி விரிக்கக்கூடிய மெல்லிய அலுமினியத் தாள் குழாய். டிரையர் உட்சுவரை ஒட்டி நின்றதால், அது அறையின் நீளம் முழுவதும் இரண்டு இடங்களில் தொய்ந்து, எதிர்ச்சுவரின் துளை வழியாக வெளியேறியது. வெளிவாயில் எலியும் பாம்பும் புகுந்துவிடக் கூடாதென்று கொசுவலைத் துண்டு ஒன்று இறுகக் கட்டப்பட்டிருந்தது. அச்சம் நியாயமானது, ஆனால் பஞ்சை ஏந்திவரும் காற்றுக்கு நுண்வலை வைத்தால் அது இரண்டாவது வடிகட்டியாகிவிடும், அதுவும் ஒருவரும் சுத்தம் செய்யாத வடிகட்டி. கொசுவலையில் சாம்பல் நிறப் பஞ்சு மெத்தையாகப் படிந்து இறுகியிருந்தது.

பனி தன் பங்கைச் செய்திருந்தது இங்கேதான் என்று சொல்லலாம். குளிர்ந்த அறையில் கிடக்கும் மெல்லிய குழாய்க்குள் வெந்நீராவி போகும்போது, உட்புறச் சுவரில் நீர் துளிர்க்கும். அந்த நீர் தொய்வான இடங்களில் தேங்கி, அங்கே வந்து சேர்ந்த பஞ்சை ஊறவைத்த காகிதக் கூழ் போலாக்கிக் குழாயின் பாதி விட்டத்தை அடைத்திருந்தது. குழாயைத் தூக்கியபோது உள்ளேயிருந்து தண்ணீர் கொட்டியது. வெப்பமான சேலத்தில் இதே குழாய் இந்த அளவுக்கு அடைத்திருக்காது.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதல் முடிவு, ஃபியூஸுக்கு மாற்றாக ஒயரை இணைப்பதில்லை என்பது. வெப்பக் கட்டுப்படுத்தி செயலிழந்தாலோ காற்று முற்றிலும் நின்றாலோ இயந்திரத்தைக் கடைசியாக நிறுத்துவது அந்த ஃபியூஸ் மட்டுமே. மீட்டர் பலகையில் உள்ள டிரிப்பர் சுவிட்ச் மிகை மின்னோட்டத்தை அறியுமே தவிர மிகை வெப்பத்தை அறியாது. இதை எலக்ட்ரீஷியனிடம் பழுப்பேறிய பஞ்சைக் காட்டியே விளக்கினோம். அதன்பின் அவரே வேலையில் முன்னின்றார் என்பதைக் குறிப்பிட வேண்டும்.

இரண்டாவது முடிவு எளிதாக எடுக்கப்படவில்லை. கிழிந்த வடிகட்டியுடன் இயந்திரத்தைத் தொடர்ந்து ஓட்டக் கூடாது என்றும், புதியது வரும்வரை நிறுத்தியே வைக்க வேண்டும் என்றும் சொன்னோம். அந்த வார இறுதியில் எட்டு அறைகளும் நிரம்பியிருந்தன. கழுவிய வடிகட்டியால் காற்று நன்றாக வருகிறதே, கிழிசலையும் மூடியாயிற்றே, இரண்டு நாள் ஓட்டினால் என்ன என்று மகன் கேட்டார். வெப்பத்தில் ஒட்டு விட்டுப்போனால் பஞ்சு ஊதுவிசிறிக் கூட்டிலிருந்து இயந்திரத்துக்குள் கசிந்து மறுபடி ஹீட்டர் பக்கம் போய்ச் சேரும், இரவில் ஆள் இல்லாத அறையில் அது நடந்தால் அறிய வழியில்லை என்று பதில் சொன்னோம். அம்மையார் மகனைப் பார்த்து, "வேண்டாம்பா, துணியைக் கீழே அனுப்பிக்கலாம்" என்று முடித்துவிட்டார். விரிப்புகள் அடிவாரத்துச் சலவைக்குப் போயின. துண்டுகளை மட்டும் சலவை இயந்திரத்தில் இன்னொரு முறை வேகச் சுழற்சியில் பிழிந்து, மின்விசிறியின் கீழ்க் கொடியில் போட்டுச் சமாளித்தார்கள்.

அந்த இரண்டாவது பிழிதல் நிலையான வழக்கமாகவே ஆகிவிட்டது. காபி மூட்டை நிறுக்கும் தொங்கு தராசில் துண்டுகளை நிறுத்துப் பார்த்தோம். காய்ந்த நிலையில் நான்கு கிலோ இருந்தவை ஒருமுறை பிழிந்தபின் ஆறரைக் கிலோ இருந்தன. மறுமுறை பிழிந்ததும் ஆறு கிலோவுக்கு இறங்கின. ஒரு கிலோ நீரை ஆவியாக்கக் குறைந்தது முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான மின்சாரம் கட்டாயம் வேண்டும். இழப்புகளோடு சேர்த்தால் டிரையரில் அது ஒரு யூனிட்டை நெருங்கும். சில நிமிடம் பிழிவதற்கு ஆகும் செலவு அதன் அருகில்கூட வராது.

குழாயைப் பொறுத்தவரை, டிரையரை வெளிச்சுவருக்கு மாற்றுவதே முதல் வேலை என்று முடிவாயிற்று. எலக்ட்ரீஷியன் 16 ஆம்பியர் செருகியைத் தனி ஒயரில் அங்கே கொண்டுவந்தார். சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்துத் தகரப் பட்டறை ஒன்றில் உட்புறம் வழவழப்பான 100 மில்லிமீட்டர் தகரக் குழாய் செய்து வாங்கி, ஒரே ஒரு வளைவுடன், வெளிப்புறம் சற்றே சரியும்படி பொருத்தினோம். துளிர்க்கும் நீர் உள்ளே தேங்காமல் வெளியே சொட்ட வேண்டும் என்பதற்காகவே அந்தச் சரிவு. இணைப்புகளில் திருகாணி போடவில்லை, ஏனென்றால் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் பஞ்சு சிக்கிச் சேரும். அலுமினியப் பட்டையால் சுற்றி ஒட்டினோம். கொசுவலைக்குப் பதில், காற்று தள்ளும்போது திறந்து, காற்று நின்றபின் தானே மூடிக்கொள்ளும் தகட்டு மூடி வைக்கப்பட்டது. ஊதுவிசிறியின் கூடும் ஹீட்டர் கூடும் முழுதாகக் கழற்றப்பட்டு, தூரிகையாலும் தூசி உறிஞ்சியாலும் சுத்தம் செய்யப்பட்டன.

மென்மையாக்கும் திரவத்தைத் துண்டுகளுக்கு முற்றிலும் நிறுத்தச் சொன்னோம். விருந்தினர்கள் வாசத்தை எதிர்பார்ப்பார்கள் என்று அம்மையார் முதலில் ஒப்பவில்லை. நன்றாகக் காய்ந்த துண்டில் மறைக்க வாடை இருக்காது என்று சொன்னபோது, பார்க்கலாம் என்றார். புதிதாக வாங்கும் துண்டுகள் முதல் சில துவைப்புகளில்தான் அதிகமாகப் பஞ்சு உதிர்க்கும் என்பதால், அவற்றைத் தனியே துவைத்து, உலர்த்தும்போது பாதிச் சுற்றில் ஒருமுறை நிறுத்தி வடிகட்டியை எடுத்துப் பார்ப்பது என்றும் ஏற்பாடாயிற்று.

தொடர்ந்து நடந்தவை

சேவை மையம் வழியாகப் புதிய வடிகட்டிகள் இரண்டு வந்தன. ஒன்று பொருத்தப்பட்டது, மற்றது மாற்றாக வைக்கப்பட்டது. முதல் சுற்றுத் துண்டுகள் ஒரு மணி பத்து நிமிடத்தில் காய்ந்தன. இருமுறை பிழிந்தவை ஒரு மணி நேரத்துக்குள்ளேயே காய்ந்தன. அன்றும் வெளியே பனி இருந்தது, மின்னழுத்தமும் ஏறத்தாழ முன்போலவே இருந்தது. கிளாம்ப் மீட்டரில் ஹீட்டர் இடைவிடாமல் நெடுநேரம் இயங்கியதும், துணி காய்ந்துவரும் கடைசிக் கட்டத்தில் மட்டுமே விட்டுவிட்டு இயங்கியதும் தெரிந்தது. அதுவே சரியான நடத்தை. மூன்றாவது ஃபியூஸ் இதுவரை போகவில்லை.

துவைப்பறை நோட்டில் இரண்டு புதிய கட்டங்கள் சேர்ந்தன: பஞ்சு எடுத்தது, வடிகட்டி கழுவியது. ஒவ்வொரு சுற்றுக்குப் பின் பஞ்சும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவலும். கழுவும் நாளில் முதலில் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, தேங்குகிறதா இல்லையா என்று எழுதிவிட்டுத்தான் கழுவ வேண்டும் என்று அந்தப் பெண்மணியே ஒரு முறை வகுத்துக்கொண்டார். நாங்கள் சொன்னதைவிட அது மேலானது. எடுத்த பஞ்சை முன்பு அவர் விறகடுப்பு மூட்ட வைத்துக்கொள்வதுண்டு. செயற்கை இழை கலந்த துணிகளின் பஞ்சும் அதில் இருக்கும் என்பதால் அந்த வழக்கத்தை விடச் சொன்னோம்.

சில மாதங்களுக்குப் பின் நேரம் மறுபடி எழுபதிலிருந்து எண்பத்தைந்து நிமிடத்துக்கு ஏறியதை நோட்டு காட்டியது. தண்ணீர் சோதனையில் வடிகட்டி நன்றாகவே இருந்தது. அதனால் அவர்கள் நேராக வெளிவாயைப் போய்ப் பார்த்தார்கள். தகட்டு மூடியின் கீலில் குளவி மண்கூடு கட்டி, மூடி பாதிக்கு மேல் திறக்காதபடி செய்திருந்தது. கூட்டைத் தட்டிவிட்டதும் நேரம் பழையபடி இறங்கியது. எங்களை அழைக்க வேண்டியிருக்கவில்லை.

வாசம் பற்றிய பிரச்சினை முழுதாகத் தீரவில்லை. துண்டுகளில் வாடை போய்விட்டது, உறிஞ்சும் தன்மையும் சில துவைப்புகளில் திரும்பியது. ஆயினும் படுக்கை விரிப்புகளுக்கு அந்தத் திரவத்தைக் கைவிட அம்மையாருக்கு மனமில்லை. அளவைப் பாதியாகக் குறைத்திருக்கிறார். விரிப்புகள் அதிகமாக உலரும் வாரங்களில் வடிகட்டியில் தண்ணீர் சற்றுத் தயங்கி இறங்குவதாக நோட்டில் குறிப்பு இருக்கிறது. அந்த வாரங்களில் கழுவுவது ஏழு நாளுக்கு ஒருமுறை.

இனி மாற வேண்டியவை

இதேபோன்ற இடத்தில் டிரையர் புதிதாக வைப்பவர்கள், அது நிற்கும் சுவரை முதலில் தீர்மானிப்பது நல்லது. ஏற்காட்டில் பெரும்பாலும் சமையலறைக்குப் பின்னால் மிஞ்சிய மூலையில் இயந்திரத்தை வைத்துவிட்டு, பிறகு குழாயை எப்படியாவது வெளியே கொண்டுபோகிறார்கள். குழாயின் நீளமும் வளைவுகளும் கூடும் ஒவ்வொரு முறையும் பஞ்சு தங்க இடம் கூடுகிறது.

குழாயே வேண்டாத, நீரைத் தொட்டியில் சேர்க்கும் வகை டிரையருக்கு மாறலாமா என்று மகன் கேட்டார். அந்த வகையிலும் பஞ்சு வடிகட்டி உண்டு. அதைத் தாண்டும் பஞ்சு, ஈரக் காற்றைக் குளிர்விக்கும் தகடுகளில் போய் ஒட்டும். அதைச் சுத்தம் செய்வது குழாயைச் சுத்தம் செய்வதைவிட நுணுக்கமான வேலை. வெப்பப் பம்ப்புடன் வரும் வகை, குறைந்த வெப்பத்தில் மின்சாரத்தை வெகுவாக மிச்சப்படுத்தும் என்பது உண்மை; ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரமோ அதிகம். எட்டு அறைகளின் துணியை ஒரே நாளில் திருப்ப வேண்டிய இல்லத்துக்கு இப்போதுள்ள இயந்திரத்தையே ஒழுங்காகப் பேணுவது போதும் என்றோம். அறைகள் கூடினால், வீட்டு உபயோக இயந்திரத்தை இன்னும் வருத்தாமல், தொழில்முறை இயந்திரத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஃபியூஸ் போனால் மாற்றுவதற்கு முன் காற்றோட்டத்தைப் பார்ப்பது எலக்ட்ரீஷியனின் வழக்கமாகிவிட்டது. அதற்காகவே வெளிவாயருகே ஒரு கொக்கியில் செய்தித்தாள் பட்டை ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார். இயந்திரம் ஓடும்போது பட்டை கிடைமட்டமாக நிற்க வேண்டும் என்பது கணக்கு. மழையில் நனைந்து கிழிந்துவிடுவதால், அடுத்த முறை வரும்போது மெல்லிய பிளாஸ்டிக் பட்டை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.